கணக்கு மாறினால் அறிக்கையும் மாற: வேர்டு ஆவணத்தில் இணைப்புகளைத் தானாகப் புதுப்பிக்க முழு வழிகாட்டி

நாற்பது பக்க அறிக்கை ஒன்றை ஒருமுறை கையாலேயே திருத்திக்கொண்டிருந்தேன். எக்ஸெல்லில் மொத்தச் செலவு மாறும்போதெல்லாம் வேர்டில் அந்த எண் வரும் இடங்களைத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். முன்னுரையில் மாற்றினேன், அட்டவணையில் மாற்றினேன், கடைசிப் பக்கத்தில் மறந்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாறி மாறிப் புரட்டிவிட்டு, "இதில் எதை நம்புவது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் ஒரு எண் இரண்டு இடத்தில் வர வேண்டுமென்றால் ஒரு இடத்தில் மட்டும்தான் தட்டச்சு செய்கிறேன். மற்ற இடங்களுக்கு இணைப்பு.

ஆனால் இணைப்பு போட்டவர்களும் இதே மாதிரி மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக் என்று பெட்டியில் டிக் போட்டாயிற்று, இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். அது எல்லா நேரமும் பார்த்துக்கொள்ளாது. சில நேரங்களில் மட்டும் எழுந்து வேலை செய்யும், மற்ற நேரம் தூங்கும். எப்போது எழும், எப்போது தூங்கும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். விண்டோஸில் நிறுவிய வேர்டை வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். லிப்ரே ஆஃபீஸும் கூகுள் டாக்ஸும் பிற்பகுதியில் வரும். மெனுப் பெயர்களைத் திரையில் தெரியும் ஆங்கிலப் பெயராகவே, தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஒட்டுவது, பதிப்பது, இணைப்பது

எக்ஸெல்லிலிருந்து ஒரு அட்டவணையைக் காப்பி செய்து வேர்டில் சாதாரணமாக ஒட்டினால் அது வெறும் வேர்டு அட்டவணை. எக்ஸெல்லோடு உறவு அந்த நொடியே முடிந்தது.

பதிப்பது இரண்டாவது வகை. எக்ஸெல் ஆப்ஜெக்டாக உள்ளே வைப்போம்; இருமுறை கிளிக் செய்தால் எக்ஸெல் திறக்கும். பார்ப்பதற்கு இணைப்பு மாதிரியே இருக்கும், ஆனால் மூலக் கோப்பை மாற்றினால் இங்கே எதுவும் மாறாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் பத்து வரிசையை மட்டும் காப்பி செய்திருந்தாலும் முழு வொர்க்புக்கும் ஆவணத்துக்குள் ஏறிவிடும். அந்த ஆவணத்தை வெளியே அனுப்பினால், வாங்கியவர் இருமுறை கிளிக் செய்து மற்ற ஷீட்டுகளையும் பார்க்கலாம். சம்பளப் பட்டியல் அடுத்த ஷீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டிய இணைப்பு. மூலக் கோப்பு எங்கே இருக்கிறது, அதில் எந்தப் பகுதி என்ற விலாசத்தை வேர்டு வைத்துக்கொள்ளும். கடைசியாகப் பார்த்த மதிப்பையும் ஒரு நகலாக வைத்துக்கொள்ளும். மூலக் கோப்பு கைக்கு எட்டாதபோதும் ஆவணம் காலியாகத் தெரியாமல் பழைய எண்ணைக் காட்டுவது இந்த நகலால்தான். வசதியும் அதுவே, வம்பும் அதுவே: பழைய எண் பழையது என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

இணைப்பை உருவாக்குதல்

முதல் வேலை, எக்ஸெல் கோப்பைச் சேமிப்பது. பெயர் வைக்காத கோப்பிலிருந்து காப்பி செய்தால் இணைப்புக்கு நிலையான விலாசம் கிடைக்காது. பின்னாளில் நகர்த்த வேண்டிய அவசியம் இல்லாத ஃபோல்டரில் சேமியுங்கள். டெஸ்க்டாப்பில் தற்காலிகமாக வைத்துவிட்டுப் பிறகு ஒழுங்குபடுத்துகிறேன் என்பவர்களின் இணைப்புதான் முதலில் அறும்.

அப்புறம்:

1. எக்ஸெல்லில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி.
2. எக்ஸெல்லை மூடாமல் வேர்டுக்கு வந்து, வேண்டிய இடத்தில் கர்சரை வைக்கவும்.
3. கண்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்தவும். பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும். ஹோம் தாவலில் பேஸ்ட் பொத்தானின் கீழ் அம்பிலிருந்தும் இதற்குப் போகலாம்.
4. இடப்பக்கம் பேஸ்ட், பேஸ்ட் லிங்க் என்று இரண்டு இருக்கும். பேஸ்ட் லிங்கைத் தேர்ந்தெடுக்கவும். பலர் தவறவிடும் படி இதுதான்.
5. பட்டியலிலிருந்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே.

நான்காம் படியில் பேஸ்ட் லிங்க் மங்கலாகக் கிடந்தால், காப்பி செய்தது கிளிப்போர்டிலிருந்து போய்விட்டது அல்லது எக்ஸெல்லை மூடிவிட்டீர்கள் என்று பொருள். திரும்பப் போய்க் காப்பி செய்யுங்கள்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வாக்கியத்துக்கு நடுவே ஒரே ஒரு எண் வர வேண்டுமானால் அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட் சரியானது. சுற்றியுள்ள எழுத்தின் அளவும் எழுத்துருவும் அந்த எண்ணுக்கும் வந்துவிடும். அட்டவணைக்கு ஹெச்டிஎம்எல் அல்லது ஃபார்மேட்டட் டெக்ஸ்ட். இவை வேர்டு அட்டவணையாகவே வந்து பக்கம் தாண்டியும் ஓடும். எக்ஸெல் ஆப்ஜெக்டாக இணைத்தால் எக்ஸெல்லில் இருக்கும் அதே தோற்றம் கிடைக்கும், ஆனால் அது ஒரு படத்தைப் போல ஒரே துண்டாக நிற்கும், இரண்டு பக்கமாகப் பிரியாது. நீளமான அட்டவணைக்கு அது ஆகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. எக்ஸெல்லில் நிரலின் அகலம் போதாமல் எண்ணுக்குப் பதில் வேலிக்குறிகள் (#) வரிசையாகத் தெரியும் அல்லவா, உரையாக இணைக்கும்போது வேர்டுக்கும் அந்த வேலிக்குறிகளே வந்து சேரும். எண் தவறாக வருகிறது என்று குழம்புமுன் எக்ஸெல்லில் நிரலை அகலமாக்கிப் பாருங்கள்.

தானாக என்றால் எப்போது?

பேஸ்ட் லிங்க் கொடுத்தால் இணைப்பு பொதுவாகத் தானாகப் புதுப்பிக்கும் வகையாகவே உருவாகும். அது புதுப்பிப்பது இரண்டு தருணங்களில்.

ஒன்று, வேர்டும் எக்ஸெல்லும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது. எக்ஸெல்லில் எண்ணை மாற்றினால் சில நொடியில் வேர்டிலும் மாறும். முதன்முறை பார்க்கும்போது ஒரு சின்ன மகிழ்ச்சி வரும்.

இரண்டு, ஆவணத்தைத் திறக்கும்போது. இந்த ஆவணத்தில் வேறு கோப்புகளுக்கான இணைப்புகள் இருக்கின்றன, புதுப்பிக்கவா என்று வேர்டு கேட்கும். எஸ் என்றால் புதிய மதிப்பு, நோ என்றால் பழைய நகல். அவசரத்தில் நோ அழுத்திவிட்டு, எண் மாறவில்லை என்று திட்டுபவர்கள் நிறைய. அந்தக் கேள்வியே வரவில்லையென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்க் கீழே ஜெனரல் என்ற பகுதியில் அப்டேட் ஆட்டோமேட்டிக் லிங்க்ஸ் அட் ஓப்பன் என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அது தூங்கும் நேரங்கள். மின்னஞ்சலில் வந்த ஆவணம் புரொடெக்டட் வியூவில் திறக்கும். மேலே மஞ்சள் பட்டை தெரியும். அந்த நிலையில் எந்த இணைப்பும் புதுப்பிக்கப்படாது. எனேபிள் எடிட்டிங் கொடுத்த பிறகுதான் உயிர் வரும். யார் அனுப்பியது என்று தெரியாத ஆவணத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இணைப்பு என்பது வேறொரு கோப்பைப் போய்த் தொடும் வழி. அந்த வழியைக் கெட்டவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். டிடிஇ என்ற பழைய இணைப்பு முறை 1987-இல் விண்டோஸ் 2.0 காலத்தில் வந்தது. 2017-இல் அதை வைத்துத் தீய நிரல்களை ஓடவிடும் வேர்டு கோப்புகள் பரவியதால், அந்த ஆண்டு டிசம்பர் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பில் வேர்டில் டிடிஇயை மைக்ரோசாஃப்ட் முடக்கிவைத்தது. இன்று நாம் பேஸ்ட் லிங்க் கொடுக்கும்போது வேலை செய்வது அதற்குப் பின் வந்த ஓஎல்இ என்ற இணைப்பு முறை. எனவே மிகப் பழைய வழிகாட்டிகளில் டிடிஇ ஆட்டோ என்ற ஃபீல்டை (மதிப்பை வேர்டே கொண்டுவந்து நிரப்பும் குறியீடு) போடச் சொன்னால் கடந்து போய்விடுங்கள்.

அச்சிடும் நேரத்துக்குத் தனி அமைப்பு உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே. அங்கே பிரிண்டிங் பகுதியில் அப்டேட் ஃபீல்ட்ஸ் பிஃபோர் பிரிண்டிங், அப்டேட் லிங்க்டு டேட்டா பிஃபோர் பிரிண்டிங் என்று இரண்டு டிக் பெட்டிகள். அறிக்கை அடிக்கடி அச்சுக்குப் போகுமானால் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

நானே புதுப்பிக்கிறேன், அது எப்போது செய்யும் என்று காத்திருக்க மாட்டேன் என்றால் இருக்கவே இருக்கிறது எஃப்9. கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9. மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: கண்ட்ரோல் + ஏ பிடிப்பது முதன்மை உரையை மட்டும்தான். தலைப்புப்பட்டை, அடிப்பட்டை, அடிக்குறிப்பு, டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றுக்குள் இருக்கும் ஃபீல்டுகள் தப்பித்துவிடும். ஒவ்வொன்றுக்குள்ளும் கர்சரை வைத்துத் தனியாக எஃப்9 கொடுக்க வேண்டும்.

எல்லா இணைப்பும் ஒரே பட்டியலில்

ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்துக்குப் போய் வலப்பக்கம் அடியில் பாருங்கள். எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் என்று சின்னதாக இருக்கும். ஆவணத்தில் இணைப்பு இருந்தால்தான் அது தெரியும். ஒருமுறையாவது ஆவணத்தைச் சேமித்திருக்க வேண்டும்.

திறக்கும் பெட்டியில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு வரியாக வரும். ஷிஃப்ட் அல்லது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பலவற்றை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோமேட்டிக், மேனுவல், லாக்டு என்ற மூன்று நிலைகளும் இங்கேதான் இருக்கின்றன. அப்டேட் நவ், ஓப்பன் சோர்ஸ், சேஞ்ச் சோர்ஸ், பிரேக் லிங்க் என்ற பொத்தான்களின் வேலையைப் பெயரே சொல்லிவிடும்.

ஐம்பது, அறுபது இணைப்புகள் உள்ள ஆவணத்தில் ஆட்டோமேட்டிக் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. திறக்கும்போதெல்லாம் வேர்டு பின்னணியில் எக்ஸெல்லை எழுப்பி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றிவிட்டு, வேலை முடியும் நேரத்தில் ஒருமுறை எஃப்9 கொடுப்பது நிம்மதி. அதற்கு முன் எக்ஸெல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் புதுப்பிப்பு கண்கூடாக வேகமாக நடக்கும்.

லாக்டு என்பது மாத அறிக்கைக்குக் கைகொடுக்கும். போன மாத எண்கள் போன மாத எண்களாகவே நிற்க வேண்டும், ஆனால் இணைப்பை அறுக்கவும் மனமில்லை. அந்த ஃபீல்டில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + எஃப்11 அழுத்தினால் பூட்டு. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்11 திறக்கும். பூட்டியதை மறந்துவிட்டு எஃப்9 வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிந்த அனுபவம் எனக்கு உண்டு.

உள்ளே இருப்பது ஃபீல்டு

ஆல்ட் + எஃப்9 அழுத்துங்கள். அழகான அட்டவணைகளும் எண்களும் மறைந்து, நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் குறியீடுகள் தெரியும். பயப்பட வேண்டாம், மறுபடி அழுத்தினால் பழைய தோற்றம் வரும். ஒரே ஒரு ஃபீல்டை மட்டும் பார்க்க ஷிஃப்ட் + எஃப்9.

ஒரு எக்ஸெல் இணைப்பின் குறியீட்டில் வரிசையாக இவை இருக்கும்: லிங்க் என்ற சொல், எக்ஸெல் ஷீட் என்பதற்கான வகைப்பெயர், மேற்கோளுக்குள் கோப்பின் முழுப் பாதை, அடுத்த மேற்கோளுக்குள் ஷீட்டின் பெயரும் எந்த வரிசை நிரலிலிருந்து எது வரை என்ற விலாசமும், கடைசியில் பின்சாய்வுக் கோடு போட்ட சில எழுத்துகள். அதில் பின்சாய்வுக் கோட்டோடு ஏ இருந்தால் தானாகப் புதுப்பிக்கும் இணைப்பு. அந்த ஏ இல்லையென்றால் மேனுவல். பாதையில் ஒவ்வொரு பின்சாய்வுக் கோடும் இரண்டிரண்டாக இருக்கும். கையால் திருத்தும்போது இதை மறந்து ஒற்றையாகப் போட்டால் இணைப்பு வேலை செய்யாது.

இதைத் தெரிந்துகொண்டால் மூன்று பெரிய தொல்லைகளைத் தீர்க்கலாம்.

முதல் தொல்லை, வரிசை சேர்த்தால் இணைப்பு பிசகுவது. குறியீட்டில் இருப்பது வரிசை 1 முதல் 5 வரை என்ற வெறும் எண். வேர்டு மூடியிருக்கும்போது எக்ஸெல்லில் மேலே ஒரு வரிசையைச் சேர்த்தால், தரவு கீழே இறங்கும், விலாசம் பழைய இடத்திலேயே நிற்கும். மொத்தம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு எண் வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. தீர்வு, எக்ஸெல்லில் அந்தப் பகுதிக்குப் பெயர் வைப்பது. பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டையின் இடக்கோடியில் உள்ள பெயர்ப் பெட்டியில் இடைவெளி இல்லாத ஒரு பெயரைத் தட்டி என்டர் அழுத்துங்கள், கோப்பைச் சேமியுங்கள். பிறகு வேர்டில் ஆல்ட் + எஃப்9 போட்டு, ஷீட் பெயரும் விலாசமும் உள்ள இரண்டாவது மேற்கோளுக்குள் அந்தப் பெயரை மட்டும் வைத்து, எஃப்9. இனி பகுதி எங்கே நகர்ந்தாலும் பெயர் கூடவே போகும். நடுவே வரிசை சேர்த்தால் பெயரின் எல்லையும் விரியும். கடைசி வரிசைக்குக் கீழே சேர்த்தால் மட்டும் விரியாது, அதனால் மொத்தம் காட்டும் வரிசையையும் பெயருக்குள் அடக்கிவிட்டு, புதியவற்றை அதற்கு மேலே செருகும் வழக்கம் நல்லது. குறியீட்டைத் தொடப் பிடிக்காதவர்கள் இணைப்புப் பட்டியலில் சேஞ்ச் சோர்ஸ் போய், ஐட்டம் என்ற பொத்தானில் இந்தப் பெயரைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நீங்கள் வேர்டில் செய்த அலங்காரம் கலைந்துபோவது. இணைப்புப் பட்டியலில் பிரிசர்வ் ஃபார்மேட்டிங் ஆஃப்டர் அப்டேட் என்பதில் டிக் போட்டால் குறியீட்டில் மெர்ஜ்ஃபார்மேட் என்ற சொல் சேரும். வேர்டில் கொடுத்த வடிவம் பெரும்பாலும் நிற்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். அட்டவணையில் வரிசைகள் கூடினால் தடித்த எழுத்து தவறான வரிக்குத் தாவுவது உண்டு. அட்டவணை அலங்காரத்தை எக்ஸெல்லிலேயே முடித்துவிட்டு அதைத்தான் கொண்டுவருவேன் நான். தனி எண்ணுக்குச் சார்ஃபார்மேட் என்ற சொல் இன்னும் உறுதியானது: ஃபீல்டு பெயரின் முதல் எழுத்துக்கு என்ன வடிவம் கொடுக்கிறீர்களோ, முடிவு முழுவதும் அதே வடிவத்தில் வரும்.

மூன்றாவது, பாதை மாறுவது. இதற்குத் தனியாக இடம் வேண்டும்.

கோப்பு வீடு மாறினால்

வேர்டு பதிவு செய்வது முழுப் பாதை. டிரைவ் எழுத்து, பயனர் பெயர் உள்ள ஃபோல்டர், எல்லாம் சேர்த்து. உங்கள் கணினியில் சரியாக ஓடும் இணைப்பு பக்கத்து மேசைக்காரரின் கணினியில் ஓடாததற்குக் காரணம் இதுதான். அவருடைய பயனர் பெயர் வேறு. நெட்வொர்க் டிரைவில் வைத்தாலும் ஒருவருக்கு அது இசட், இன்னொருவருக்கு ஒய் என்று எழுத்து மாறியிருக்கும். குழுவாக வேலை செய்பவர்கள் டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்வுக் கோட்டோடு சர்வர் பெயரில் தொடங்கும் நெட்வொர்க் பாதையைப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். ஒன்டிரைவ் மாதிரி மேகச் சேமிப்பில் கோப்பு இருந்தால், இணைப்பு வலை முகவரியாகப் பதிவாகிறதா உள்ளூர்ப் பாதையாகப் பதிவாகிறதா என்று ஆல்ட் + எஃப்9 போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, ஃபோல்டர் மாறியே விட்டது, நாற்பது இணைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேஞ்ச் சோர்ஸ் போக வேண்டியதில்லை.

1. ஆவணத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவும்.
2. ஆல்ட் + எஃப்9. குறியீடுகள் தெரியும்.
3. கண்ட்ரோல் + ஹெச். தேடும் பெட்டியில் பழைய பாதையை, குறியீட்டில் உள்ளபடி இரட்டைப் பின்சாய்வுக் கோடுகளோடு ஒட்டவும். மாற்றும் பெட்டியில் புதிய பாதை, அதே மாதிரி இரட்டைக் கோடுகளோடு.
4. ரீப்ளேஸ் ஆல்.
5. மறுபடி ஆல்ட் + எஃப்9, கண்ட்ரோல் + ஏ, எஃப்9.

குறியீடு தெரியும் நிலையில் மட்டும்தான் தேடல் அதற்குள் நுழையும், ஆகவே இரண்டாம் படியைத் தவிர்க்க முடியாது. உரையோடு வரியில் நிற்காமல், உரை சுற்றி ஓடும்படி மிதக்கவிட்ட ஆப்ஜெக்டுகளின் குறியீடு இப்படித் தெரியாது. அவற்றை இணைப்புப் பட்டியலில்தான் மாற்ற வேண்டும். நான் எதையும் மிதக்கவிடாமல் இன் லைன் வித் டெக்ஸ்ட் நிலையிலேயே வைப்பதற்கு இது ஒரு காரணம்.

இணைப்பு அறுந்த பிறகு புதுப்பித்தால் எண் இருந்த இடத்தில் எரர், நாட் எ வேலிட் லிங்க் என்று வந்து நிற்கலாம். பதறி எதையும் அழிக்காமல் உடனே கண்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழைய மதிப்பு திரும்பும். அப்புறம் நிதானமாகப் பாருங்கள்: கோப்பு நகர்ந்ததா, ஷீட்டின் பெயரை யாராவது மாற்றினார்களா, நாம் வைத்த பெயரை எக்ஸெல்லில் யாராவது நீக்கினார்களா? என் அனுபவத்தில் பெரும்பாலும் ஷீட்டின் பெயர்தான்.

வேர்டிலிருந்து வேர்டுக்கு

எண்களை விட எனக்கு அதிகம் பயன்படுவது இதுதான். பத்து ஒப்பந்தங்களில் ஒரே நிபந்தனைப் பத்தி வருகிறது, பத்துக் கையேடுகளில் ஒரே பாதுகாப்புக் குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே ஒரு மூல ஆவணத்தில் எழுதி, பத்து இடத்திலும் அழைத்துக்கொள்ளலாம்.

மூல ஆவணத்தில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் தாவலில் புக்மார்க் போய் ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இலக்கு ஆவணத்தில் இன்செர்ட் தாவலின் ஆப்ஜெக்ட் பொத்தானுக்குப் பக்கத்து அம்பில் டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல். மூல ஆவணத்தைத் தேர்ந்தெடுத்து, ரேஞ்ச் என்ற பொத்தானில் புக்மார்க் பெயரைக் கொடுங்கள். பிறகு இன்செர்ட்டை நேராக அழுத்தாமல் அதன் அம்பைத் திறந்து இன்செர்ட் ஆஸ் லிங்க். நேராக அழுத்தினால் வெறும் நகல்தான் கிடைக்கும்.

இப்போது உள்ளே இருப்பது இன்க்ளூட்டெக்ஸ்ட் என்ற ஃபீல்டு. எக்ஸெல் இணைப்பைப் போல இது ஆவணம் திறக்கும்போது தானாகப் புதுப்பிக்காது. எஃப்9 கொடுக்க வேண்டும், அல்லது அச்சுக்கு முன் புதுப்பிக்கும் அமைப்பை நம்ப வேண்டும்.

மூலத்தில் பத்தியைத் திருத்தும்போது புக்மார்க்கின் எல்லைக்குள்ளேயே திருத்துங்கள். முழுப் பத்தியையும் தேர்ந்தெடுத்து மேலே தட்டச்சு செய்தால் புக்மார்க்கும் சேர்ந்து அழியும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் ஷோ புக்மார்க்ஸ் டிக் போட்டால் எல்லைகள் சதுர அடைப்பாகத் தெரியும். இலக்கு ஆவணத்தில் வந்த உரையை அங்கேயே திருத்தினாலோ, அடுத்த எஃப்9-இல் அந்தத் திருத்தம் காணாமல் போகும். ஒரு தப்பிக்கும் வழி: அந்த உரைக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்7 அழுத்தினால், நீங்கள் செய்த திருத்தம் மூல ஆவணத்துக்குத் திருப்பி எழுதப்படும். பத்து ஆவணங்களும் நம்பியிருக்கும் மூலத்தை இப்படி மாற்றுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

படங்களுக்கும் இதே வழி. இன்செர்ட், பிக்சர்ஸ் போய்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் அம்பில் லிங்க் டு ஃபைல் என்றால் இணைப்பு மட்டும். இன்செர்ட் அண்டு லிங்க் என்றால் இணைப்போடு ஒரு நகலும் ஆவணத்தில் இருக்கும். இரண்டாவதையே எடுங்கள். முதலாவதில் மூலப் படம் எட்டாத கணினியில் வெற்றுப் பெட்டிதான் தெரியும்.

ஒரே ஆவணத்துக்குள் ஒரு பெயரோ தேதியோ பல இடத்தில் வர வேண்டுமானால் வெளிக்கோப்பே தேவையில்லை. ஒரு இடத்தில் எழுதி புக்மார்க் வைத்துவிட்டு, மற்ற இடங்களில் இன்செர்ட், கிராஸ்-ரெஃபரன்ஸ் வழியாக அந்த புக்மார்க்கின் உரையை அழையுங்கள். இதுவும் எஃப்9-க்குக் காத்திருக்கும். பொருளடக்கமும் அப்படித்தான்.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில்

ரைட்டரில் வேறு ஆவணத்தின் உரையைக் கொண்டுவர இன்செர்ட், செக்ஷன் போக வேண்டும். லிங்க் என்பதில் டிக் போட்டுக் கோப்பைக் காட்டுங்கள். அந்தக் கோப்பில் பெயரிட்ட செக்ஷன்கள் இருந்தால் அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். திருத்தவிடாமல் தடுக்கும் ரைட் புரொடெக்ஷனையும் போட்டுவிடுவது நல்லது. இங்கே திருத்தியது அடுத்த புதுப்பிப்பில் அழியும் சங்கடம் வராது. லிப்ரே ஆஃபீஸில் எக்ஸெல்லின் இடத்தில் இருக்கும் கால்க்கின் அட்டவணைக்குக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் டிடிஇ லிங்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேர்டில் ஓய்வு கொடுத்த டிடிஇ இங்கே இன்னும் வேலையில் இருக்கிறது.

புதுப்பிக்கும் நேரத்தை டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், ஜெனரல் பக்கத்தில் தீர்மானிக்கலாம்: எப்போதும், கேட்டுவிட்டு, ஒருபோதும் வேண்டாம். எப்போதும் என்று வைத்தும் தானாகப் புதுப்பிப்பது முடக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டை மேலே வந்தால், அதிலேயே அனுமதி கொடுக்கும் பொத்தான் இருக்கும். தினமும் அழுத்தச் சலிப்பாக இருந்தால் செக்யூரிட்டி பகுதியின் மேக்ரோ செக்யூரிட்டியில், டிரஸ்டட் சோர்சஸ் பட்டியலில் உங்கள் ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். இணைப்புகளின் பட்டியல் எடிட் மெனுவில் இருக்கிறது. மொத்தமாகப் புதுப்பிக்க டூல்ஸ், அப்டேட், அப்டேட் ஆல்.

பாதை விஷயத்தில் ரைட்டர் வேர்டை விட நல்ல பிள்ளை. ஆப்ஷன்ஸில் லோடு/சேவ், ஜெனரல் பக்கத்தில், கோப்பு முறைக்குச் சார்பாகப் பாதையைச் சேமிக்கும் தேர்வு இருக்கிறது. அது இயங்கும்போது ஆவணத்தையும் மூலத்தையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரை மொத்தமாக நகர்த்தினால் செக்ஷன் இணைப்புகள் கூடவே வரும்.

கூகுள் டாக்ஸில்

கூகுள் ஷீட்ஸிலிருந்து காப்பி செய்து டாக்ஸில் ஒட்டினால், இணைக்கவா வேண்டாமா என்று அதுவே கேட்கும். இணைத்த பிறகும் தானாக மாறாது. மூலத்தில் மாற்றம் நடந்தால் அட்டவணையின் மேல் அப்டேட் என்ற பொத்தான் தோன்றும். யாராவது அழுத்த வேண்டும். டூல்ஸ் மெனுவில் லிங்க்டு ஆப்ஜெக்ட்ஸ் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் புதுப்பிக்கலாம். ஷீட்ஸில் வரிசைகள் கூடிவிட்டால், அட்டவணையின் இணைப்பு மெனுவில் சேஞ்ச் ரேஞ்ச் கொடுத்துப் பகுதியை விரிக்க வேண்டும். பாதை அறும் பிரச்சினை இங்கே கிடையாது. அனுமதிப் பிரச்சினை உண்டு. புதுப்பிப்பவருக்கு மூல ஷீட்டைப் பார்க்கும் உரிமை இருக்க வேண்டும்.

வெளியே அனுப்பும் முன்

வேர்டு ஆவணம் உங்கள் கையை விட்டுப் போகும்போது இணைப்புகளும் கூடவே போகக் கூடாது. வாங்குபவருக்குப் புதுப்பிக்கவா என்ற கேள்வி வரும், அவர் எஸ் அழுத்துவார், எண் இருந்த இடத்தில் பிழைச் செய்தி நிற்கும். அதோடு, குறியீட்டில் உள்ள பாதை உங்கள் ஃபோல்டர் பெயர்களையும் பயனர் பெயரையும் ஊருக்குச் சொல்லும்.

நான் செய்வது இந்த வரிசையில். எக்ஸெல் கோப்பைத் திறந்துகொண்டு வேர்டில் எல்லாவற்றையும் புதுப்பிப்பேன். தலைப்புப்பட்டை, அடிக்குறிப்புகளையும் விடாமல். ஆவணத்தில் எரர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பார்ப்பேன். முக்கியமான மூன்று நான்கு எண்களை எக்ஸெல்லோடு கண்ணால் ஒப்பிடுவேன். பிறகு ஃபைல், சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல். அந்த நகலில் மட்டும் எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பிரேக் லிங்க். வேர்டு உரைக்கான இன்க்ளூட்டெக்ஸ்ட் ஃபீல்டுகள் மிச்சம் இருந்தால் ஒவ்வொன்றிலும் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9. அவை சாதாரண உரையாகிவிடும். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து இந்த விசைகளை அழுத்த வேண்டாம், பொருளடக்கமும் பக்க எண் குறிப்புகளும் சேர்ந்து உறைந்துவிடும்.

போவது இந்த நகல், அல்லது அதன் பிடிஎஃப். இணைப்புள்ள மூலப்பிரதி என் ஃபோல்டரிலேயே இருக்கும். அடுத்த மாதம் எக்ஸெல்லில் எண்கள் மாறியதும், அதைத் திறந்து எஸ் அழுத்துவேன்.